ஹெல்ஃபயர் பாஸ் நடைபாதை: சயாம் மரண ரயில் தடத்தில் நடக்கப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

சயாம் என்று முன்பு அழைக்கப்பட்ட தாய்லாந்தின் காஞ்சனபுரி மாநிலத்தில், குவே நொய் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல்சரிவில், மூங்கில் காட்டுக்குள் ஒரு பழைய ரயில் தடம் கிடக்கிறது. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சரளைக்கல் மேடும், பாறையைப் பிளந்து அமைத்த வெட்டுப்பள்ளங்களும், பாலம் நின்ற ஓடைச் சரிவுகளும் எஞ்சியிருக்கின்றன. ஹெல்ஃபயர் பாஸ் என்ற பெரிய வெட்டுப்பள்ளத்தில் தொடங்கி, அந்தத் தடத்தில் சுமார் 4 கி.மீ. தூரத்தை நடந்து பார்க்கலாம். மலேசியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அங்கே போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

இது எந்த ரயில் பாதை? ஏன் போட்டார்கள்?

தாய்லாந்தின் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கி.மீ. நீளத்துக்கு ஜப்பானிய ராணுவம் போட்ட பாதை. மரண ரயில் பாதை என்பது இதுதான். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்துவிட்டது. ஆனால் அங்கிருந்த படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் கடல் வழியாக, மலாக்கா நீரிணையைச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்த வழியில் காத்திருந்தன. அதனால் தரைவழி தேவைப்பட்டது. இரண்டு முனைகளிலிருந்தும் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா என்ற இடத்துக்கு அருகில் தண்டவாளங்கள் சந்தித்தன. மலையும் காடும் மழையும் நிறைந்த நிலத்தில், ஆண்டுக்கணக்கில் எடுக்கவேண்டிய வேலை ஏறக்குறைய 15 மாதங்களில் முடிக்கப்பட்டது. அந்த அவசரத்துக்கான விலையை வேலை செய்தவர்கள் உயிரால் கொடுத்தார்கள்.

போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல்: பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியர், சில நூறு அமெரிக்கர். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இதைப்போல் பல மடங்கு. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் என இரண்டு லட்சத்தை ஒட்டிய மக்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. ஹெல்ஃபயர் பாஸைப் பற்றிய பெரும்பாலான சுற்றுலாக் குறிப்புகள் முதல் எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. இரண்டாவது எண்ணையும் மனத்தில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டிய பாதை இது.

தமிழர்களுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்ன?

மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, பால்வெட்டு வேலை நின்றது, தோட்டங்களில் அரிசி தீர்ந்தது. அந்த நிலையில் ஜப்பானியர் ஆள் கேட்டு வந்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், சாப்பாடும் இருப்பிடமும் இலவசம் என்பது வாக்குறுதி. முதலில் சிலர் நம்பித் தாமாகவே போனார்கள். போனவர்களிடமிருந்து சேதி எதுவும் வராமல் போகவே, மற்றவர்கள் மறுத்தார்கள். அதன்பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டு ஆள் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிவைத்து, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய சம்பவங்களும் நடந்தன. சில தோட்டங்களிலிருந்து மனைவி மக்களோடு குடும்பமாகவே போனார்கள்.

போர்க் கைதிகளை விட இவர்கள் அதிக விகிதத்தில் இறந்ததற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கைதிகளுக்கு ராணுவ அமைப்பு இருந்தது, கூடவே சிறைப்பட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது, கழிப்பிடத்தை முகாமுக்கு எட்டத்தில் தோண்டவேண்டும், சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கவேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. 1943 மே, ஜூன் மாதங்களில் மழையோடு காலரா வந்தபோது முகாம் முகாமாக அழிந்தது. நோயாளிகளைத் தனியே ஒரு கொட்டகையில் கிடத்திவிட்டுப் போவதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. இறந்தவர்களைப் புதைக்கவும் எரிக்கவும் தெம்புள்ள ஆட்கள் மிஞ்சவில்லை. நிலைமை முற்றியபின்தான் 1943 நடுவில், சிங்கப்பூரில் இருந்த போர்க் கைதிகளிலிருந்து மருத்துவர்களும் உதவியாளர்களும் ‘கே படை’, ‘எல் படை’ என்ற இரு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 350 பேர். பல்லாயிரம் நோயாளிகளுக்கு அவ்வளவுதான்.

ஹெல்ஃபயர் பாஸின் பெரிய வெட்டுப்பள்ளத்தில் உழைத்தவர்கள் முக்கியமாக ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள். தமிழ்த் தொழிலாளர் முகாம்கள் இதே தடத்தில், இதே பள்ளத்தாக்கில், மேலும் கீழும் இருந்தன. “இந்தப் பாறையைத் தமிழர்கள்தான் உடைத்தார்கள்” என்று சில காணொளிகளில் சொல்வது மிகை. “இங்கே தமிழர்களுக்கு வேலையே இல்லை” என்பதும் பொய்.

எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கி.மீ. போனால் காஞ்சனபுரி நகரம். அங்கிருந்து வடமேற்கே 323-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 80 கி.மீ. தூரத்தில் ஹெல்ஃபயர் பாஸ் விளக்க மையம் (அருங்காட்சியகம் இதற்குள்தான்) சாலையோரத்திலேயே இருக்கிறது. காஞ்சனபுரி பேருந்து நிலையத்தில் தொங் பா பூம் அல்லது சங்க்லாபுரி போகும் பேருந்தில் ஏறுங்கள். நடத்துநரிடம் “சொங் காவ் காட்” என்று சொல்லவேண்டும். தாய் மொழியில் அதுதான் இடத்தின் பெயர். ஆங்கிலப் பெயரைச் சொன்னால் பலருக்குப் புரியாது. ஒன்றரை மணி நேரம் ஆகும். இறக்கிவிடச் சொன்னதை ஒருமுறை நினைவூட்டுங்கள். தவறவிட்டால் அடுத்த ஊர் வரை போய்த் திரும்பவேண்டி வரும்.

திரும்பும்போது சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கைகாட்டினால் பேருந்து நிற்கும். மாலை நாலரைக்குமேல் பேருந்து கிடைப்பது உறுதியில்லை. மையத்துக்குள் போகும்போதே வரவேற்பு மேசையில் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து பேராகப் போகிறவர்கள் காஞ்சனபுரியில் ஒரு நாளைக்கு வண்டி பேசிக்கொள்வது நல்லது. பேசும்போதே “மையத்தில் நான்கு மணி நேரம் காத்திருக்கவேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். ஓட்டுநர்கள் பொதுவாக ஒரு மணி நேரம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பழைய ரயில் பாதையிலேயே ரயிலில் போக முடியாதா?

பாதி வழிக்குப் போகலாம், அவசியம் போகவும் வேண்டும். போருக்குப்பின் பாதையின் தாய்லாந்துப் பகுதியை அந்நாட்டு ரயில்வே வாங்கி, நாம் டோக் வரை மட்டும் பழுதுபார்த்து வைத்துக்கொண்டது. மீதியைப் பெயர்த்துவிட்டார்கள். பாங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என நாம் டோக்குக்கு ரயில் உண்டு. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 பாட். காஞ்சனபுரி நகரில் உள்ள குவாய் பாலத்தைக் கடந்து, வாங் போ என்ற இடத்தில் பாறைச் சரிவை ஒட்டி ஆற்றின்மேல் நிற்கும் மரத்தூண் பாலத்தில் ரயில் நடைவேகத்தில் ஊர்ந்து போகும். காஞ்சனபுரியிலிருந்து போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஆறு தெரியும்.

நாம் டோக்கிலிருந்து ஹெல்ஃபயர் பாஸுக்கு இன்னும் 18 கி.மீ. போல் சாலையில் போகவேண்டும். காலை ரயிலில் வந்தால் நண்பகல் கடந்துவிடும். நடக்க நேரம் போதாது. அதனால் போகும்போது அதிகாலைப் பேருந்து, திரும்பும்போது நாம் டோக்கிலிருந்து பிற்பகல் ரயில் என்று வைத்துக்கொள்வதே சரி. ரயில் நேரம் அவ்வப்போது மாறுவதால் காலையிலேயே காஞ்சனபுரி நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம், நேரம்?

கட்டணம் இல்லை. நன்கொடைப் பெட்டி உண்டு. காலை 9 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும். ஆஸ்திரேலிய அரசின் முன்னாள் படைவீரர் துறை நடத்தும் இடம். இந்தத் தடத்தைக் காட்டிலிருந்து மீட்கவேண்டும் என்று 1980-களில் வலியுறுத்தியவர் டாம் மோரிஸ் என்ற முன்னாள் ஆஸ்திரேலியக் கைதி. அருங்காட்சியகம் 1998 ஏப்ரலில் திறக்கப்பட்டது. காதில் மாட்டிக் கேட்கும் ஒலி வழிகாட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். உயிர்பிழைத்தவர்களின் குரல்கள் அதில் இருக்கின்றன. எண் பலகை நட்ட இடங்களில் நின்று கேட்டால் வெறும் பாறையாகத் தெரிவது வேறாகத் தெரியும்.

எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்?

மூன்று அளவுகளில் நடக்கலாம். மையத்திலிருந்து படியிறங்கிப் பெரிய வெட்டுப்பள்ளத்தையும் நினைவுக்கல்லையும் மட்டும் பார்த்துத் திரும்ப ஒரு மணி நேரம் போதும். அதைத் தாண்டிப் பள்ளத்தாக்கு தெரியும் இடம் வரை போய்த் திரும்ப ஒன்றரையிலிருந்து இரண்டு மணி. கம்ப்ரசர் வெட்டுப்பள்ளம் வரை முழுத் தடமும் ஒருவழி சுமார் 4 கி.மீ.; போய்வர மூன்றரை முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தடம் ஏறக்குறைய மட்டமானதுதான். ரயிலுக்காகப் போட்டது என்பதால் ஏற்றம் மிகக் குறைவு. சிரமம் வேறு இரண்டு இடங்களில்: காலடியில் உருளும் சரளை, பாலங்கள் நின்ற ஓடைகளில் இறங்கி ஏறும் படிகள்.

மழைக்குப்பின் மரம் விழுந்தோ மண் சரிந்தோ தொலைவான பகுதியை மூடிவைப்பதுண்டு. கிளம்புமுன் மேசையில் கேளுங்கள். முழுத் தூரம் போகிறவர்கள் பெயரைப் பதிந்துவிட்டு, வாக்கி-டாக்கி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது. மரச்செறிவில் கைபேசி இணைப்பை நம்பமுடியாது.

வழியில் என்னென்ன பார்க்கவேண்டும்? பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும்?

முதலில் வருவது கொன்யூ வெட்டுப்பள்ளம். ஹெல்ஃபயர் பாஸ் என்பது இதற்குத்தான் பெயர். இரவில் எண்ணெய் விளக்கும் மூங்கில் தீயும் எரிய, எலும்பும் தோலுமான ஆட்கள் நிழலாடுவதைப் பார்த்த கைதிகள் நரகத்தீ என்று சொன்ன பெயர். சுமார் 75 மீட்டர் நீளம், ஆழம் அதிகமான இடத்தில் 25 மீட்டர். 1943 ஏப்ரல் 25 அன்று தொடங்கி, ஆகஸ்டில் முடித்தார்கள். ‘ஸ்பீடோ’ (வேகமாக) என்று காவலர்கள் கத்திக்கொண்டே விரட்டிய மாதங்கள் அவை. ஒரு முறை வேலைக்குப் போனால் 18 மணி நேரம் வரை நீடித்தது.

சுவரை ஒட்டி நின்று கண் மட்டத்தில் பாருங்கள். பாறையில் நெட்டுக்குத்தாக, அரைவட்ட வாய்க்கால்போல் வரிகள் தெரியும். அவை வெடிமருந்து வைக்கத் துளைத்த குழிகளின் பாதி. மறுபாதி வெடித்துச் சிதறிய பாறையோடு போய்விட்டது. துளைத்த முறை இது: ஒருவர் எஃகு உளியை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும், இன்னொருவர் சம்மட்டியால் அடிக்கவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது தண்ணீர் விட்டுப் பாறைத்தூளை வழித்தெடுக்கவேண்டும். ஒரு ஜோடிக்கு நாளுக்கு ஒரு மீட்டர் ஆழம் என்று தொடங்கிய அளவு, பின்னர் இரண்டாகவும் மூன்றாகவும் ஏற்றப்பட்டது. அடி தவறினால் பிடித்திருப்பவரின் கை போகும். துளைக்கும்போது முறிந்து பாறைக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஓர் உளித்துண்டு இன்னும் சுவரில் இருக்கிறது. வேகமாக நடந்தால் கண்ணில் படாது.

வெட்டுப்பள்ளம் முடியும் இடத்தில் கறுப்புக் கல்லில் நினைவுச்சின்னம். சிறு கொடிகள், போரில் இறந்தவர்களின் நினைவாக வைக்கும் காகிதப் பாப்பிப் பூக்கள், யாரோ வைத்துப்போன புகைப்படங்கள் எப்போதும் இருக்கும்.

அதற்கப்பால் கூட்டம் குறைந்துவிடும். குவே நொய் பள்ளத்தாக்கும் பர்மா எல்லை மலைகளும் தெரியும் திறந்த இடம் வரும். ‘ஹாமர் அண்ட் டாப்’ என்ற வெட்டுப்பள்ளம் முழுக்கக் கையாலேயே துளைத்தது. ஹின்டோக் பகுதியில் ஏழு மீட்டர் உயர மண்கரை ஒன்று: கூடை கூடையாகத் தலையிலும் தோளிலும் சுமந்து கொட்டியது. இங்கே மூன்றடுக்குப் பாலம் நின்ற ஓடையும் இருக்கிறது. காயாத பச்சை மரத்தைக் கட்டி எழுப்பிய பாலங்கள் என்பதால் ஹின்டோக்கின் பெரிய பாலம் ஒன்று கட்டும்போதே மூன்று முறை சரிந்தது. கைதிகள் அதைச் சீட்டுக்கட்டுப் பாலம் என்றார்கள். கடைசியில் வரும் கம்ப்ரசர் வெட்டுப்பள்ளத்தின் பெயர், காற்றழுத்தத் துளைக்கருவி கொண்டுவந்து வேலை செய்ததால் வந்தது. முதல் வெட்டுப்பள்ளத்தின் துளைக் குழிகளை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனால், கையால் துளைத்ததற்கும் கருவியால் துளைத்ததற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரியும்.

எந்த மாதத்தில் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. காலையில் குளிர்ச்சியாக இருக்கும். மார்ச்சிலிருந்து மே வரை வெயில் 38 டிகிரியைத் தாண்டும். வெட்டுப்பள்ளத்துக்குள் இருபக்கப் பாறையும் சூட்டை வாங்கி உமிழும், காற்று அசையாது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. படிகளில் பாசி பிடித்து வழுக்கும். எந்த மாதமானாலும் காலை ஒன்பதரைக்குள் நடக்கத் தொடங்கிவிடுங்கள்.

என்ன கொண்டுபோகவேண்டும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தடத்தில் எங்கும் தண்ணீர் கிடையாது. அடிப்பாகம் கெட்டியான ஷூ: சரளைக்கல் மெல்லிய கான்வாஸ் ஷூவின் வழியாகப் பாதத்தில் குத்தும், செருப்பில் கணுக்கால் பிசகும். முழுக்கால் சட்டை, தொப்பி, கொசு விரட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. காலைப் பலகாரத்தைக் காஞ்சனபுரியிலேயே கட்டிக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கடையில் “ஜே” என்று கேட்டால் இறைச்சி, மீன் சாறு எதுவும் இல்லாத சாப்பாடு கிடைக்கும்.

மூங்கில் சிராய்ப்புக்கு ஒரு கிருமிநாசினி எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது சின்ன விஷயம். அன்று, சத்துக் குறைந்து போன உடலில் மூங்கில் முள் கிழித்த கீறல் சில நாட்களில் புண்ணாகி, முழங்கால் முதல் கணுக்கால் வரை எலும்பு தெரியும்படி தின்றுவிட்டது. மருந்தில்லாமல், கூராக்கிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டினார்கள்; அதுவும் தீராமல் கால்களை வெட்டியெடுத்தார்கள். அருங்காட்சியகத்தில் இதைப் பற்றிய பகுதியைப் பார்த்தபின் நடந்தால், தடத்தோர மூங்கில் புதர்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

போகிறவர்கள் எங்கே தவறு செய்கிறார்கள்?

முதல் தவறு, எரவான் அருவியையும் ஹெல்ஃபயர் பாஸையும் ஒரே நாளில் அடைத்துவைப்பது. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் எரவான் இருப்பது குவே யாய் ஆற்றுப் பள்ளத்தாக்கில், இது குவே நொய் பக்கம். இரண்டுக்கும் நடுவே மலை. சாலையில் சுற்றித்தான் வரவேண்டும். இரண்டையும் சேர்த்து விற்கும் ஒருநாள் சுற்றுலாக்களில் இங்கே கிடைப்பது நாற்பது நிமிடம். சாய் யோக் நொய் அருவியோடு சேர்த்தால் பொருந்தும், அது நாம் டோக் நிலையத்துக்கு அருகில், இதே சாலையில் இருக்கிறது.

இரண்டாவது, பிற்பகல் இரண்டு மணிக்கு வந்துவிட்டு முழுத் தடத்துக்கும் கிளம்புவது. நான்கு மணிக்கு மையம் மூடிவிடும்.

மூன்றாவது, இறங்கும்போது இருக்கும் உற்சாகத்தில் திரும்பி ஏறவேண்டும் என்பதை மறப்பது. மையம் மேட்டில் இருக்கிறது. நடையின் கடைசிக் கட்டமே செங்குத்தான படியேற்றம். மொத்தத் தண்ணீரில் கால் பங்கை அதற்கென்று மிச்சம் வையுங்கள்.

நான்காவது, காஞ்சனபுரியின் இரும்புப் பாலமான குவாய் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு மரண ரயிலைப் பார்த்துவிட்டதாகத் திரும்புவது. அந்தப் பாலத்தின் இரும்பு வளைவுகள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. நேரான சட்டங்கள் கொண்ட இரு பகுதிகள் குண்டுவீச்சுக்குப்பின் மாற்றியவை. பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் மனிதர்கள் செத்து விழுந்த நிலம் எப்படிப்பட்டது என்பதை மேலே வந்தால்தான் உணரமுடியும்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

அருங்காட்சியகமும் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேல்தளமும் எல்லோருக்கும் எளிது. முழங்கால் வலி உள்ளவர்கள் படியிறங்காமல் அங்கேயே இருந்துவிடலாம். சக்கர நாற்காலி தடத்தில் போகாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வெட்டுப்பள்ளம் வரை தாராளமாக வரலாம். அருங்காட்சியகத்தில் உள்ள சில படங்களும் காணொளிகளும் சிறு குழந்தைகளைக் கலங்கவைக்கும். முன்னதாகச் சொல்லி அழைத்துப் போங்கள்.

காட்டில் ஆபத்து உண்டா?

பாம்பு உண்டு, தடத்தை விட்டு விலகாதவர்களுக்குத் தொல்லை அரிது. எல்லையோரக் காடு என்பதால் கொசுக் கடிக்கு எச்சரிக்கை தேவை. திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் எந்தக் காட்டுக்குப் போனோம் என்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். சுற்றியுள்ள நிலம் தாய்லாந்து ராணுவத்தின் பண்ணை, ஆகவே குறுக்குவழி தேடவேண்டாம். கல்லோ ஆணியோ எதையும் எடுத்துவரக் கூடாது. பாறைச் சுவரில் ஏறக் கூடாது.

நினைவுக்கல்லின் முன் விளக்கேற்றலாமா? கற்பூரம்?

வேண்டாம். உலர்ந்த மூங்கில் இலையில் தீப்பொறி பட்டால் சரிவு முழுக்கப் பற்றும். பிளாஸ்டிக் சரிகை இல்லாத பூமாலை வைக்கலாம், நின்று தேவாரமோ திருவாசகமோ மெல்லச் சொல்லலாம். உறவினரின் பெயரை ஓர் அட்டையில் தமிழில் எழுதி வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது மிகப் பொருத்தமான செயல், ஏனென்றால் அடுத்த கேள்வியின் பதில் அப்படி.

இறந்த தமிழர்களின் கல்லறைகள் எங்கே?

பெயர் பொறித்த கல்லறை இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர் இருக்கிறார்கள். எல்லோரும் போர்க் கைதிகள். போருக்குப்பின் கைதிகளின் உடல்களைத் தடம் முழுக்கத் தேடி எடுத்துவந்து, கல் நட்டு, இன்றுவரை புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். செய்யவேண்டியதைச் செய்தார்கள். ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படித் தேட யாரும் வரவில்லை. கைதிகளுக்குப் படைப்பிரிவின் பதிவேடு இருந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏறியவருக்கு அது இல்லை. 1990-இல் காஞ்சனபுரியில் கரும்புத் தோட்டம் ஒன்றில் கூட்டப் புதைகுழி வெளிப்பட்டு, நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன.

காஞ்சனபுரியில் மூன்று இடங்களைப் பாருங்கள். போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வாட் தாவோன் வராராம் விகாரை: ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன, தமிழர்களுக்காக 2023-இல் அங்கு நடுகல்லும் எழுப்பப்பட்டது. அடுத்து, பாலத்துக்கு அருகே ஜப்பானியர்களே 1944-இல் கட்டிய நினைவுத்தூண். அதன் பலகைகளில் ஒன்று தமிழில் இருக்கிறது. மூன்றாவது, கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே உள்ள தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம். பாதையின் அமைப்பையும் இறப்புக் கணக்கையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. முடிந்தால் முந்தின நாள் மாலையில் இவற்றைப் பார்த்துவிட்டு, மறுநாள் நடக்கப் போங்கள்.

எங்கள் பாட்டனார் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. எங்கே தேடுவது?

முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்குங்கள். தேடலின் நுனி தோட்டத்தின் பெயர்தான். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கங்காணி யார், எந்த மாதம் கொண்டுபோனார்கள், கூடப் போனவர்கள் யார் என்பதை வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். திரும்பி வந்த ஒருவர் அதே தோட்டத்தில் இருந்திருந்தால், முகாமின் பெயரை அவர் வீட்டார் நினைவில் வைத்திருக்கலாம். கின்சாயோக், நீக்கே, தம்பாயா போன்ற பெயர்கள் சிதைந்த உச்சரிப்பில் வரும். பாதையின் நிலையப் பட்டியலோடு ஒப்பிட்டால் இடம் பிடிபடும். மலேசியாவில் மரண ரயில்பாதை ஆர்வலர் குழு என்ற அமைப்பு, பிழைத்தவர்களின் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டி வருகிறது. உங்களிடம் உள்ள சிறு தகவலையும் அவர்களிடம் சேர்ப்பது பயனுள்ளது.

ஏப்ரல் 25 அன்று போகலாமா?

அன்று ஆன்சாக் நாள்: ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போரில் இறந்த தம் வீரர்களை நினைவுகூரும் நாள். விடியுமுன் வெட்டுப்பள்ளத்துக்குள் மெழுகு வெளிச்சத்தில் அஞ்சலி நடக்கும், ஆஸ்திரேலியாவிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். பாங்காக்கில் உள்ள ஆஸ்திரேலியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். தடத்தை நிதானமாக நடந்து பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வேறு நாள் பாருங்கள்.

தொங் பா பூமுக்கு மேலே உள்ள ஏரிக்கரையிலும் பாதை போகிறதா?

போனது. இப்போது தண்ணீருக்கடியில் இருக்கிறது. தொங் பா பூமுக்கு அருகே 1984-இல் முடிந்த வஜிரலோங்கோன் அணையின் நீர்த்தேக்கம், அதற்கு மேற்பட்ட தடத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. தண்டவாளங்கள் சந்தித்த கொன்கொய்தாவும் அந்த ஏரிக்குள் போய்விட்டது. தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் இறந்த மேல்முனை முகாம்கள் பல இந்தப் பகுதியில்தான் இருந்தன.

ஹெல்ஃபயர் பாஸில் ஏறிய அதே சாலைப் பேருந்து சங்க்லாபுரி வரை போகிறது. அங்கே ஓர் இரவு தங்கினால், காலையில் மோன் மக்களின் நீண்ட மரப்பாலத்தைக் கடந்து ஏரிக்கரையோரம் நடக்கலாம். கோடையில் நீர் வற்றும்போது மூழ்கிய பழைய விகாரையின் சுவர்கள் வெளியே தெரியும். படகில் போய்ப் பார்க்கலாம். அங்கிருந்து மூன்று பகோடா கணவாய் சுமார் 20 கி.மீ.; எல்லைக் கடவை திறந்திருக்கிறதா என்பது நாளுக்கு நாள் மாறும். பாதை அந்தக் கணவாய் வழியாகத்தான் பர்மாவுக்குள் நுழைந்தது.